பொன்மணி, வயது 53

"பொன்மணி" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

திறந்திருந்த கதவு வழியாக அறை தெரிந்தது. தரையில் பாய்கள். சுவரில் கயிறும் கப்பியும். ஒன்பது பெண்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு, செவ்வாய், சனி, காலை பத்து மணி என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். பெண்களுக்கு என்று எழுதவில்லை. பொன்மணிதான் கேட்டிருக்க வேண்டும்.

மறுபடி கூப்பிட்டார்கள்.

பிறகு பயிற்சி கொடுக்கும் ஜெபாவே பெயர்ப்பட்டியலோடு வாசலுக்கு வந்தாள். பட்டியலில் பெயரும் வயதும் மட்டும் இருந்தன. பெஞ்சில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கம்மா. கூட வந்தவங்க இங்கயே இருக்கட்டும்" என்றாள், அவருடைய மனைவியிடம்.

சண்முகக்கனி கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து உள்ளே போனாள்.

அவர் மின்வாரியத்தில் லைன்மேன். இருபத்தாறு வருஷமாகக் கோவில்பட்டியைச் சுற்றி ஏறாத கம்பம் இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் இடது மார்பில் கட்டி. இந்த நோய் வருகிற நூறு பேரில் ஒருவர் ஆணாக இருப்பார் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒருவர் தானாக இருக்க வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. மார்பை எடுத்தார்கள். அக்குளிலும் கொஞ்சம் எடுத்தார்கள். பிறகு மருந்து, பிறகு கதிர்வீச்சு.

ஆபீசில் இதய ஆபரேஷன் என்று சொல்லிவைத்தார். எல்லோரும் மரியாதையாக நம்பினார்கள்.

இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கம்பம் ஏற முடியாது. மேஜை போட்டு, கரண்ட் இல்லை என்று வருகிற போன்களை எடுக்கச் சொன்னார்கள். பயிற்சி செய்யாவிட்டால் கை இப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள்.

சாயங்காலம் சண்முகக்கனி வாசல் கதவைச் சாத்தினாள். அவரைச் சுவரோரம் நிறுத்தினாள். விரல்களைச் சுவரில் வைத்து, நண்டு ஊர்கிற மாதிரி மேலே கொண்டுபோகச் சொன்னாள். துடைப்பக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கச் சொன்னாள். ஒன்றுவிடாமல் பார்த்து வந்திருந்தாள்.

மூச்சை அடக்கக் கூடாதாம். அடக்கினார். வலிக்கிறது என்று கோபப்பட்டார்.

"அங்க எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யுது" என்றாள்.

செவ்வாயும் சனியும் அவள் உள்ளே. அவர் வராந்தா பெஞ்சில். சாயங்காலம் சுவர்.

ஆறு வாரத்தில் அவருடைய கை காது வரைக்கும் போனது. அவளுக்கு ரொம்ப நாளாக இருந்த கழுத்துவலி நின்றது.

ஒருநாள் அவள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அங்கே ஒரு அம்மா ஜாக்கெட்டை விலக்கித் தழும்பைக் காட்டியிருக்கிறாள். உனக்கு எப்படி ஆறியிருக்கிறது, காட்டு என்றிருக்கிறாள். கூச்சம் என்று இவள் சமாளித்தாளாம். அந்த அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டு, எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது என்றாளாம்.

"அதுக்கப்புறம் அவங்க மூஞ்சியப் பார்க்க முடியல" என்றாள்.

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

அடுத்த சனிக்கிழமையும் அவள்தான் உள்ளே போனாள்.

அன்று புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். வேலம்மாள். முப்பத்தைந்து இருக்கும். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை. ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். வலது கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு அழுதாள். இந்தக் கையை வைத்துத்தான் பிழைப்பு என்றாள்.

ஜெபா சண்முகக்கனியைக் காட்டினாள். இங்கே இருப்பவர்களிலேயே அவளுக்குத்தான் கையை நன்றாகத் தூக்க வருகிறது என்றாள்.

வேலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெருங்கி வந்தாள்.

"எத்தனை நாள் ஆச்சுக்கா, இப்படித் தூக்க?"

சண்முகக்கனி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வராந்தாவில் அவருக்கு எல்லாம் கேட்டது.

செருப்பைக் கழற்றினார்.

உள்ளே ஆண் நுழைந்ததும் இரண்டு பேர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஜெபா ஏதோ சொல்ல வந்தாள்.

"எனக்கு ஆறு வாரம் ஆச்சும்மா" என்றார் வேலம்மாளிடம். "சீட்டுல இருக்கறது என் பேருதான். இவ இங்க கத்துக்கிட்டு வந்து எனக்கு சொல்லிக் குடுத்தா. இவளுக்கு ஒண்ணும் இல்ல."

இடது கையைத் தூக்கினார். மெதுவாகத்தான் போனது. சட்டை மேலே இழுபட்டு, ஒரு பக்கம் தட்டையாகப் படிந்தது.

தழும்பைக் காட்டிய அம்மா சண்முகக்கனியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சண்முகக்கனியின் முதுகில் லேசாக ஒரு அடி போட்டாள்.

ஜெபா மூலையிலிருந்து இன்னொரு பாயை இழுத்து வந்தாள். ஓரமாக, தள்ளி விரித்தாள். அவருக்கு அது வசதியாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

பயிற்சி தொடங்கியது. ஜெபா எண்ணினாள். பாதியில் ஓய்வு கொடுத்தாள்.

வேலம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணாச்சி, எடுத்த இடம் அரிக்குது. சொறிஞ்சா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. வெளியில சொன்னா சிரிப்பாங்க. உங்களுக்கும் அப்படியா?"

இத்தனை மாதம். சண்முகக்கனியிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

"அப்படியேதாம்மா" என்றார்.

பாயைக் கொஞ்சம் அவர்கள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.