மெமரி மாட்ட வந்தவள்

கணினி மறுபடியும் நீளமாகப் பீப் அடித்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

கல்லாவுக்கு முன்னால் ஆட்கள் சேலைகளோடு காத்து நின்றார்கள். விடிந்தால் தீபாவளி.

"எல்லாக் கணக்கும் இதுலதாம்மா இருக்கு. போயிருச்சா?" என்று கேட்டார் புடவைக்கடைக்காரி பேச்சியம்மா. மகன் பிரதாப் நேற்றுப் புது மெமரி வாங்கித் தானே மாட்டிப் பார்த்துவிட்டு, சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தான்.

ஹட்டனிலிருந்து திருத்த வந்த சுதர்ஷினி பிளக்கைக் கழற்றினாள்.

"கணக்கு பத்திரமா இருக்குங்க. சேலைய அலமாரியில வச்சிருப்பீங்க, ஆளு வந்தா மேசையில விரிச்சுக் காட்டுவீங்கல்ல? மெமரிங்கிறது அந்த மேசைதான். அலமாரி வேற, கணக்கு அங்கதான் இருக்கு."

பேச்சியம்மாவுக்கு மூச்சு வந்தது.

கணினிப் பெட்டியைத் திறந்தாள். புது மெமரிப் பட்டை ஒரு முனையில் மட்டும் பொருந்தி, மறு முனையில் தூக்கிக்கொண்டு நின்றது. பழையதன் பித்தளை நிறப் பற்கள் கறுத்திருந்தன. பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்தாள்.

பிரதாப் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தான். அவள் நடுவில் ஒரு ஸ்லொட்டைக் காலியாக விட்டு, ஒரே நிறத்திலிருந்த இரண்டு ஸ்லொட்டுகளில் வைத்தாள். அப்படி இருந்தால்தான் இரண்டும் ஜோடியாக ஓடும். பட்டையின் அடியிலுள்ள வெட்டுப் பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள்.

டக். டக்.

பிளக்கைப் போட்டாள். ஒரே ஒரு குட்டிப் பீப். திரையில் வெளிச்சம் வந்தது. பில் போடும் பெண் ஓடி வந்து உட்கார்ந்தாள். வரிசை நகர்ந்தது.

பேச்சியம்மா தானே தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

"எவ்வளவு கெட்டிக்காரப் புள்ள. எங்க பிரதாப்புக்கு இப்படி ஒண்ணு அமைய மாட்டேங்குதே. நீ எந்த ஊரும்மா?"

சுதர்ஷினி நிதானமாகக் குடித்து முடித்தாள்.

இங்கே வர வேண்டியவள் அவள் இல்லை. அவள் வேலை செய்யும் கணினிக்கடை முதலாளி இர்ஷாத் வேறு ஆளைத்தான் அனுப்பப் பார்த்தார். இந்தப் புடவைக்கடையின் பெயரைக் கேட்டதும், நான் போறேன் என்று சொன்னது அவள்தான்.

"வட்டவளை தேயிலைத் தோட்டங்க. போன வருசம் கல்யாணத் தரகர் மூக்கன் என் போட்டோவ உங்ககிட்டதான் கொண்டாந்தாரு. தோட்டத்து லய வீட்டுப் புள்ள வேணாம்னு திருப்பி அனுப்பிட்டீங்க."

பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

பிறகு குனிந்து, பெட்டியின் மூடியைப் பொருத்தி ஸ்குரூக்களை முறுக்கினாள்.