பூஜ்யத்தின்மேல் ஒரு பொட்டு

ஜெர்மனித் தலைமை அலுவலகம் அனுப்பிய லேப்டாப்போடு செண்பகம் இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். அதன் ஜெர்மன் கீபோர்டில் ஒய் அடித்தால் இசட் விழுந்தது. புரோகிராமில் வரிக்கு வரி வேண்டியிருக்கும் நெளிவு பிராக்கெட்டோ, வலது ஆல்ட்டோடு எண் ஏழை அழுத்தினால்தான் திறந்தது, பூஜ்யத்தை அழுத்தினால்தான் மூடியது. மூன்றாம் நாள் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, அந்த இரண்டு கட்டைகளிலும் சிவப்பாக ஒட்டினாள். அப்புறம் விரல்கள் பறந்தன.

"லேப்டாப்பா இது, இல்ல உங்க வீட்டு பாத்ரூம் கண்ணாடியா?" என்றார் டீம் லீடர் கோதண்டம். அவருக்கும் அதே லேப்டாப்தான். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை, ஜெர்மன்காரர்கள் ஆறு பேர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோதண்டம் ஓட்டிக்காட்டிய புரோகிராம் நின்றுபோனது. ஒரு பிராக்கெட் மூடவில்லை. அவர் கீபோர்டு முழுக்கத் தடவினார். என்னென்னவோ வந்தது, அது மட்டும் வரவில்லை.

"அது எங்கம்மா இருக்கு?" என்றார் பக்கத்திலிருந்த செண்பகத்திடம், வாய் அசையாமல்.

அட்டை அவள் மேஜையில் இருந்தது. செண்பகம் தன் நெற்றிப் பொட்டையே எடுத்து அவருடைய பூஜ்யத்தில் ஒட்டினாள். "ஆல்ட்டோட இத அழுத்துங்க சார்."

புரோகிராம் ஓடியது. "அப்பாடா" என்று நெற்றி வியர்வையை விரலால் வழித்துவிட்டு நிமிர்ந்தார் கோதண்டம். திரையில் ஆறு முகங்களும் அவரையே பார்த்தன. பூஜ்யத்தின்மேல் பொட்டைக் காணோம்.

"சார், உங்க நெத்தியில..."

திரை மூலையில் தெரிந்த தன் முகத்தைக் கோதண்டம் பார்த்தார். எடுக்கப்போன கையை இறக்கிக்கொண்டார். பிறகு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, புரோகிராமின் அடுத்த பக்கத்துக்குப் போனார்.