குஞ்சு பறக்கும்வரை

சிறுவாணி அடிவாரத்தில் ஏசி இல்லாமல் கொடிகளாலேயே குளிரும் ஆராய்ச்சிக் கட்டடத்தை வடிவமைத்தபோது, பூங்கோதை அதற்கு ஒரு விதியும் வைத்தாள். ஜன்னல் கொடியில் பறவை கூடு கட்டினால், சுவரிலுள்ள ஒலிவாங்கியில் குஞ்சுகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை அந்த அறைக்காரரைக் கட்டடம் வேறெங்கும் மாற்ற விடாது.

அந்த விதிதான் இப்போது அங்கே வேலை பார்க்கும் அவள் கணவன் சிவராசுவைக் குவாஹாட்டிக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. பதவி உயர்வுக்காக அவனே கேட்டு வாங்கிய மாற்றல். "போகாதீங்க" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"தையல்சிட்டு இன்னுமா பறக்கல?" என்று கேட்டால், "சோம்பேறிக் குஞ்சுங்க, உன்னாட்டவே" என்று சிரிப்பான்.

இன்று மதியச் சாப்பாட்டோடு அவன் அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடு காலியாக இருந்தது. அதன் பக்கத்துச் சுவரில் இருந்த ஒலிவாங்கியில் வாயை வைத்து, கண்ணை மூடி, "கீச் கீச்" என்று கத்திக்கொண்டிருந்தான் முனைவர் சிவராசு.

"ஏனுங்க, என்ன இது?"

காதெல்லாம் சிவக்க அவன் திரும்பினான். "கேட்டு வாங்கிட்டேன் கோதை. இப்பப் போக மனசில்ல. வேண்டாம்னு சொன்னா மானம் போயிருமே!"

அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு குஞ்சுதானே இருந்துச்சு? ஒரு குரல் மட்டும் கேட்டா சந்தேகம் வராதா?" என்றபடி அவன் தோளோடு ஒட்டி நின்று, தானும் வாயைக் குவித்தாள்.