நாற்பத்தியிரண்டாவது படம்

"செத்தவன் நம்ம ஆளே இல்லீங்க அம்மணி. அவன் இன்சூரன்ஸ் ஃபாரத்தைத் தூக்கிப்போட்டு மீதியை அனுப்புங்க," என்றார் கதிர்வேல். கருமத்தம்பட்டியில் விசைத்தறிக்கூடம் வைத்திருப்பவர்.

செத்தவர் ராமுலு. பதினொரு வருசம் அங்கே தறி ஓட்டியவர். போன வாரம் ஆறாம் நம்பர் தறியின் பெல்ட் அவரை இழுத்துப்போட்டது. காப்பீட்டுப் பட்டியலில் பேர் இல்லாவிட்டால் அவர் மனைவிக்கு இழப்பீடு கிடையாது.

தொழிலாளர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வந்திருந்த மௌனிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ராமுலுவின் ஃபாரத்தையும் போட்டோவையும் அழித்தாள். மற்ற நாற்பத்தியொரு பேருடையதையும் அவள் எழுதிய ப்ரோக்ராம் காப்பீட்டுக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பியது.

பதில் வந்தது: நாற்பத்தியிரண்டு படங்கள் பெறப்பட்டன.

"ஏனுங்க, எண்ணக்கூடத் தெரியாதுங்களா?" கதிர்வேல் மேசையில் குத்தினார்.

ஃபோல்டரைத் திறந்து எண்ணிக் காட்டினாள். நாற்பத்தியொன்றுதான். மறுபடி அனுப்பினாள். நாற்பத்தியிரண்டு. ஆத்திரத்தில் ஃபோல்டரையே காலியாக்கி, வெறுமனே அனுப்பினாள்.

ஒரு படம் பெறப்பட்டது.

சர்வரில் அதைத் திறந்தாள். ராமுலு பேரில் இருந்தது. தேதி, அவர் செத்த நாள். தரையில் கிடந்தபடி எடுத்த படம். மேலே ஆறாம் நம்பர் தறி. அதன் பெல்ட்டுக்கு இத்தனை வருசமாக இல்லாத பாதுகாப்பு இரும்பு மூடியை, ஸ்பானரும் கையுமாக, அவசரமாக மாட்டிக்கொண்டிருந்தார் கதிர்வேல்.

"அழிச்சுப்போடுங்க." அவர் குரல் இறங்கியிருந்தது.

"நான் அனுப்பலீங்களே," என்று கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள் மௌனிகா.

திரையில் இரண்டாவது படம் ஏறிக்கொண்டிருந்தது.