எட்டு மடங்கு

கோள்களும் துணைக்கோள்களும் ஒருமுறை சுற்றிவர எவ்வளவு காலமாகும் என்று கணக்குப் போட்டே ஓய்வுபெற்றவர் இருதயராஜ். முன்பெல்லாம் ஆண்டுக்கொருமுறை வந்துகொண்டிருந்த மகள் பெல்சியா, எட்டு ஆண்டுகள் கழித்து இன்று வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றபடி அவர் மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“இன்னும் இந்தக் கணக்கை விடலையாப்பா?”

“சுத்துற காலம் எட்டு மடங்கானா, தூரம் நாலு மடங்கு ஆயிருச்சுன்னு அர்த்தம்மா.”

“எந்தக் கோளு?”

அவர் பேனாவை மூடினார். “காப்பி குடிக்கிறியா?”

“இன்னொரு நாள் குடிக்கிறேன்பா.”

அவள் வீடு இன்றும் அதே மூன்றாவது நிறுத்தத்தில்தான் இருக்கிறது. அங்கே போகும் பேருந்து அவர் வாசல் வழியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போகிறது.