நான்தான்மே

மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டுதான் அந்தப் பெண் பெட்டியைத் திறந்தாள்.

பெயர் மோகனப்ரியா. மறதி நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலை ஒட்டின ஹாலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகக் காசிமேட்டு மீன் கவுச்சி வருகிறதாம், வயிற்றைப் புரட்டுகிறதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே வருகிறது கவுச்சி? பிறந்ததிலிருந்து இதே காற்றில் கிடக்கிறவள் நான். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. தென்சென்னையிலிருந்து வருகிற மகாராணிகளுக்கு எப்போதும் இதே சீன்தான்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வந்தாய், மூக்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. வீட்டுக்காரருக்காக அடக்கிக்கொண்டேன்.

அவருக்காகத்தானே வந்தது. லியோனார்ட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வைத்த பொருளை வைத்த இடத்தில் எடுக்கிற மனுஷன். ஒரு வருஷமாகத்தான் இப்படி ஆகிவிட்டார்.

மீன்குழம்பு உப்புக் கரிக்கும். "நான்தான்மே, நீ போட்டது தெரியாம ஒரு கை போட்டுட்டேன்" என்பார். அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஆம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்று வாங்கு வாங்கு என்று வாங்குவேன்.

சாத்தாங்காட்டில் என் தம்பி வீட்டுக்கென்று கிளம்பி, ஷேர் ஆட்டோவில் ஏறி, எங்கேயோ எர்ணாவூரில் போய் நின்றோம். முன்னால் இறங்கி விறுவிறுவென்று நடக்கிறேன், ஒரு தெருவும் பிடிபடவில்லை. "நான்தான்மே, ஆட்டோக்காரன்கிட்ட தப்பா சொல்ட்டேன்" என்றார் பின்னாலிருந்து. நடுரோட்டில் வைத்தே கத்தினேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார்.

போன மாசம் பால் தீய்ந்துபோனது. பாத்திரம் கரிக்கட்டை. அடுப்படியெல்லாம் புகை.

"நான்தான்மே. அடுப்புல வெச்சிட்டு மறந்துட்டேன்" என்றார்.

அன்றைக்குத்தான் பயம் வந்தது. மனுஷன் கையை விட்டுப் போகிறாரே, நாளைக்கு என்னையே யார் என்று கேட்டால் என்ன செய்வேன் என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதற்கப்புறம் அழுகையும் நின்றுவிட்டது. சாப்பிட்டேன், தூங்கினேன், ஒன்றிலும் ஒட்டவில்லை.

மாதவரத்தில் இருக்கிற எங்கள் பெண் ஜூடிதான் இந்த ஆராய்ச்சியைப் பற்றி போனில் சொன்னாள். அப்பாவைத் தனியாக அனுப்பிவிடாதே, நீயும் கூடவே போய் உட்கார் என்று நூறு தடவை சொல்லியிருப்பாள்.

மறதி வெளியே தெரிவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே சிலருக்கு வாசனை போய்விடுமாம். அதை வைத்து நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். பெட்டி நிறைய சின்னச் சின்ன பாட்டில்கள். ஒன்றிலும் பெயர் ஒட்டவில்லை.

ஒவ்வொன்றாகத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினாள். மாதாவே, ஒன்றிரண்டையாவது சரியாகச் சொல்லட்டும் என்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். காப்பித்தூள். மல்லிப்பூ. கோயிலில் பூசைக்குப் போடுகிற சாம்பிராணி. கருவாடு என்று சொன்னதோடு நிற்கவில்லை, நெத்திலி என்று வகையையும் சொன்னார்.

எல்லாம் சரி என்றாள் அந்தப் பெண். அப்பாடா என்று இருந்தது. அவளுடைய மாஸ்க்கைக்கூட மன்னித்துவிட்டேன்.

"அடுத்து நீங்க ஆன்ட்டி. கூட வர்றவங்களையும் டெஸ்ட் பண்ணுவோம், ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு."

எனக்கு எதற்கு என்று சிரித்துக்கொண்டே குனிந்தேன்.

முதல் பாட்டிலில் ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை.

"இன்னாம்மா, காலி பாட்டிலை நீட்டிக்கினு கீற?"

அவள் சிரிக்கவில்லை. இன்னொன்றைத் திறந்தாள். திறந்ததும் மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் சுருங்கின. பக்கத்தில் அவரும் முகத்தைச் சுளித்தார். எனக்குப் பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

அவரைப் பார்த்தேன். எதைக் கேட்டாலும் எனக்கு முன்னால் முந்திக்கொள்கிறவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பால் தீய்ந்த அன்றைக்கு அடுப்படியில் இருந்தது நான். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் தெருவிலேயே வாடை பிடித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

பாலை அடுப்பில் வைத்தது யார்? யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

பயந்திருக்க வேண்டும். பயம்கூட வரவில்லை. மேஜைமேல் இருந்த என் கை வேறு யாருடையதோ போல மரத்துக் கிடந்தது.

"சளி பிடிச்சிருந்தாலும் இப்படி ஆகும் ஆன்ட்டி. இதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, டாக்டர் பார்க்கணும்" என்றாள் மோகனப்ரியா அவசரமாக. அப்புறம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க ரெண்டு பேர்ல மறதின்னு வந்தது யாரு?"

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மெதுவாகத் திரும்பி, மேஜைமேல் கிடந்த என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுய்யா" என்றேன்.