யாருடைய வீரன்?

"அடாவடி பண்ணாதேய்யா! கார்டுல என்ன போட்டிருக்குன்னு நீயே படி!"

டெய்லர் போட்ட சத்தத்தில் டயாலிசிஸ் அறையே திரும்பிப் பார்த்தது.

"கத்தினா பிரஷர் ஏறும்" என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

அவருக்கும் பஸ் டிரைவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நடுவே சாப்பாட்டு மேஜை. அதன் மேல் டிராகனும் மந்திரவாதியுமாகக் கார்டுகள். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது என்பதால் இருவருக்கும் ஒற்றைக் கை ஆட்டம்தான்.

"நீங்களே நியாயம் சொல்லுங்க சிஸ்டர். எதிராளி கோட்டையை இடிச்சா ஜெயம். இது என் கடைசி கார்டு."

நர்ஸ் வாங்கிப் படித்தாள். 'செத்த வீரன் ஒருவன் எழுந்து வந்து உனக்காகப் போரிடுவான்.'

"இவரோட செத்துப்போன டிராகனை நான் எழுப்பறேன். கோட்டை காலி!"

"அதெப்படி? அவங்கவங்க ஆளைத்தான் அவங்கவங்க எழுப்பணும்" என்றார் டிரைவர்.

"அப்படின்னு எங்கே இருக்கு? யாரோட வீரன்னு போடவே இல்லையே!"

"போடலைன்னா? நாமதான் புரிஞ்சுக்கணும்."

"போன வாரம் இதே கார்டை வெச்சு என் பூதத்தை நீ எழுப்பினியே?"

"அது போன வாரம்."

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த டிரைவர் எப்போதும் இப்படித்தான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் போதும், கார்டில் உள்ள வரியைக் குடைய ஆரம்பித்துவிடுவார். வக்கீலே தோற்றுப்போவான்!

டெய்லர் பாவம். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் கண்காணாத தூரத்தில். இங்கே வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளாவிட்டால் உயிர் தங்காது. ஊசி குத்தும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அந்த மனுஷரை ஒரே ஒரு தடவை ஜெயிக்க விட்டால் என்ன குடி முழுகிவிடும்?

"யாரோட வீரன்னு போடலைன்னா யாரை வேணும்னாலும் எழுப்பலாம். டெய்லர் அண்ணன்தான் ஜெயிச்சாரு!"

"சிஸ்டர், நீங்க இதுல தலையிடாதீங்க. வேணாம்மா." டிரைவரின் குரல் கெஞ்சியது.

"தீர்ப்பு சொல்லியாச்சு!"

டெய்லர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை.

ஊசியைக் கழற்றிக் கட்டுப் போட்டதும், கார்டுகளை அடுக்கித் தானே தைத்த துணிப்பையில் போட்டு டிரைவரின் கட்டிலில் வைத்தார்.

"நீயே வெச்சுக்கோய்யா. என்னை நல்லா அலைக்கழிச்சே."

நர்ஸுக்கு நன்றி சொல்லிவிட்டு, லேசாகத் தள்ளாடியபடி வெளியே போனார்.

டிரைவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"தோத்தவருக்கே பரிசு கொடுத்துட்டுப் போறாரு, எவ்வளவு பெரிய மனசு! நீங்களும் இருக்கீங்களே... ஒரு விளையாட்டுல தோத்ததுக்கா அழறீங்க?"

டிரைவர் பையைத் தொடவில்லை.

"'உன்னை ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டா போதும், அன்னியோட இந்த ஊசிக்கு முழுக்குப் போட்டுடுவேன்'னு சத்தியம் பண்ணியிருந்தாரும்மா. அதான் இத்தனை நாளா ஜெயிக்க விடாம இழுத்துப் பிடிச்சு வெச்சிருந்தேன்."